ஒத்துக்கொள்ளாதவர்

எங்கள் அத்தையின் வீட்டுக்காரருக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. நான் சாப்பாட்டைச் சொல்லவில்லை. அது பின்னால் வந்தது. முதலில் ஒத்துக்கொள்ளாமல் போனது மனிதர்கள்தான்.

கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார் மாமா. நல்ல உயரம், நல்ல நிறம், கசங்காத வெள்ளை வேட்டி. பார்த்தால் யாருக்கும் கும்பிடத் தோன்றும். கும்பிட்டால், "அதெப்படி, கையில பையை மாட்டிக்கிட்டே கும்பிடுறே?" என்பார். 'அதெப்படி' என்பதுதான் அவருடைய வாய்ச்சொல். மற்றவர்கள் பேசத் தொடங்கும் முன் தொண்டையைக் கனைப்பார்கள். மாமா 'அதெப்படி' என்பார்.

என் அக்கா கல்யாணம் சின்னமனூரில் நடந்தது. மாப்பிள்ளை தாலியைக் கட்டிக் கையை எடுக்கவில்லை, முன்வரிசையிலிருந்து மாமா எழுந்துவிட்டார். மூன்றாவது முடிச்சு விழுவதற்கு முன்பே தவில்காரர் கெட்டிமேளத்தை நிறுத்திவிட்டாராம். "அதெப்படி? முடிச்சு பாதி, மேளம் பாதின்னா கல்யாணமும் பாதிதானே?" மணமேடையில் புகைக்குள் அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கடைசியில் தவில்காரர் இன்னொரு முறை வாசித்தார். எங்கள் குடும்பத்தில் இரண்டு கெட்டிமேளம் கேட்டுக் கல்யாணம் ஆனவள் என் அக்கா ஒருத்திதான். நல்லவேளை, புருஷன் ஒருவன்தான்.

ஒருமுறை வடுகபட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போக என் காரில் ஏறினார். நான் செல்போனில் வழியைப் போட்டிருந்தேன். அதில் பேசுகிற பெண் இடதுபக்கம் திரும்பச் சொன்னாள். மாமா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "அதெப்படி? நீ எந்த ஊரும்மா? எங்க ஊருல வந்து எனக்கு வழி சொல்றே?" என்று கேட்டார். அவர் சொன்ன வழியில் போய்த் தேனி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். ரயில் வருகிற மாதிரி தெரியவில்லை. திரும்பு, திரும்பு என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "பாத்தியா மாப்ள, எப்படிக் கெஞ்சுறா."

வெறும் வீம்புக்காரர் என்று முடித்துவிட்டால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் ஒரே ஒரு முறை அவர் சொன்னது சரியாகப் போய்விட்டது. திராட்சை எடை போடும் இடத்தில் தராசு சரியில்லை என்று அவர் ஒருவராக நின்று கத்தினார். எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். வேறு தராசு கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தபோது கூடைக்குக் கூடை வித்தியாசம் தெரிந்தது. கம்பத்துத் திராட்சைக்காரர்கள் மாமாவுக்கு மாலை போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. ஒருமுறை சரியாக இருந்துவிட்டவரை அதற்குப் பிறகு யாரால் திருத்த முடியும்?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. எதிர்க்க அவகாசம் கொடுத்திருந்தால் எமன் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பான். ஆனால் நான் சொல்ல வந்தது சாவைப் பற்றி இல்லை. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய குடல் அவரையே எதிர்த்து நின்ற கதையைப் பற்றி.

கொரோனா காலத்தில் ஊர் முழுக்க 'எதிர்ப்பு சக்தி' என்ற பேச்சாக இருந்தது அல்லவா? மாமாவுக்காகவே கண்டுபிடித்த வார்த்தை மாதிரி இருந்தது அது. மிளகையும் சுக்கையும் என்னென்னவோ வேர்களையும் போட்டு அத்தை காய்ச்சிக் கொடுத்த கசாயத்தை அவர் ஒருநாளும் குடித்ததில்லை. "எனக்கெதுக்கு? பொறந்ததுலேருந்தே நமக்கு எதிர்ப்பு சக்திதான்" என்பார். கசாயம் குடித்த அத்தைக்குத்தான் காய்ச்சல் வந்தது. பின்கட்டு அறையில் அத்தை தனியாகப் படுத்திருந்தாள். மாமா வாசற்படியில் நின்று, "பாத்தியா, இங்கன நான் கல்லு மாதிரி நிக்கிறேன். ஒனக்கு எதிர்ப்பு சக்தி பத்தல" என்று ஆறுதல் சொன்னார். அத்தை சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். மாமா கூட்டங்களிலிருந்து வெளிநடப்பு செய்யத் தொடங்கினார்.

திராட்சைக்காரர்கள் சங்கக் கூட்டம் ஒரு மண்டபத்து மாடியில் நடக்கும். வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திறந்துகொள்வது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாமா எழுந்தார். "அதெப்படி?" என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. முகம் ஒரு மாதிரி ஆனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். மாமா வாதாடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வாதாடாமல் அவர் எழுந்து போனது பெரிய போராட்டமாகத் தெரிந்தது. அவர் பக்கத்து ஆட்கள் சிலர் பின்னாலேயே இறங்கினார்கள். மண்டபத்துக்குப் பின்னால் கழிப்பறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்றார்கள்.

"யாரு அங்கன?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நாங்கதாண்ணே. நாங்களும் வெளிநடப்பு செஞ்சிட்டோம்."

உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. "நல்லது. போயி டீயக் குடிங்க" என்றார் மாமா.

அடுத்த கூட்டத்திலும் இதே கதை. அதற்கடுத்த கூட்டத்தில் தலைவர் பயந்துபோய், மாமா கேட்டபடியே தண்ணீர் முறையை மாற்றிவிட்டார். வயிற்றுப்போக்கு ஜெயித்துக் கொடுத்த தீர்மானம் அந்தச் சங்கத்தில் அது ஒன்றுதான்.

அத்தைக்கு முதலில் தெரிந்தது. கழிப்பறையில் ரத்தம். சளி கலந்த ரத்தம். கேட்டதற்கு மாமா, "பீட்ரூட்" என்றார்.

"பீட்ரூட் வாங்கி ரெண்டு மாசம் ஆச்சுங்க."

"அதெப்படி, நீ வாங்கலைன்னா ஊருல யாருமே வாங்கலையா?"

உடம்பு இளைத்தது. கண்ணில் வெளுப்பு ஏறியது. வாரம் ஒருமுறை சட்டையைத் தையற்காரரிடம் பிடிக்கக் கொடுத்தார். மூட்டு வலி வேறு வந்தது. அதற்கு மெடிக்கலில் வலி மாத்திரையாக வாங்கி வாங்கிப் போட்டார். பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 'மூலம், பௌத்திரம்' என்று போர்டு வைத்திருந்த ஒருவரிடம் போனார். அந்த மனிதர் எடுத்த எடுப்பிலேயே, "இங்கிலீஷ் டாக்டர்மாரு சொல்றது பூராவும் பொய்யி" என்றாராம். மாமா வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருத்தர் சொன்னதை மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அங்கேதான். ஒரு பொட்டலம் பொடியோடு வந்தார். பொடி தீர்ந்தது. ரத்தம் தீரவில்லை.

அத்தை எனக்குப் போன் செய்தாள். நான் தேனியில் சொட்டுநீர்க் குழாய் வியாபாரம் செய்கிறேன். குடும்பத்தில் கார் இருப்பவன், கூப்பிட்டால் வருபவன், மாமாவிடம் இன்னும் சண்டை போடாதவன் என்ற மூன்று தகுதியும் எனக்குத்தான் இருந்தன. "உங்க மாமா சாகுற மாதிரி இருக்காகய்யா. கேட்டா மூலச் சூடுங்குறாக. நீ வந்து, தேனியில வேற ஏதோ வேல இருக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ" என்றாள். மோட்டார் வாங்கப் போவதாகச் சொல்லிக் கூட்டிவந்தேன்.

குடல் நோய் மருத்துவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மாமா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டரு எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

"வந்தாச்சு. உக்காருங்க சார்" என்றார் அவர்.

உள்ளே குழாயில் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். முதல்நாள் குடலைக் கழுவக் குடிக்க வேண்டிய மருந்தைப் பாதியோடு நிறுத்தி ஒரு தகராறு. மறுநாள் மயக்க ஊசி வேண்டாம் என்று இன்னொரு தகராறு. "அதெப்படி? என் குடல நான் முழிச்சிருந்து பாக்கணும்." பார்த்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, திரையில் தெரிந்த தன் பெருங்குடலைப் பார்த்தபடியே கிடந்தார். தோல் உரித்த மாதிரிச் சிவந்து, தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். எழுந்து வந்தவர், "படம் கிளியரா இல்ல" என்று மட்டும் சொன்னார்.

சதைத் துணுக்கு சோதனை முடிவு வந்த பிறகு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"சாப்பிடும்போது வாயில கன்னத்தைக் கடிச்சுக்கிறோம். என்ன ஆகுது? சிவக்குது, வீங்குது, வலிக்குது. உடம்புல இருக்கிற காவல்காரங்க அங்க ஓடி வர்றாங்க. கிருமியைத் தின்னுவாங்க, செத்ததை அள்ளிப் போடுவாங்க. வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவாங்க. ஓரத்துலேருந்து புதுத் தோல் படர்ந்து மூடிக்கும். ரெண்டு மூணு நாள்ல கடிச்ச இடமே தெரியாது. குடலுக்குள்ளயும் இப்படித்தான். உங்களுக்கு என்னன்னா, வந்த காவல்காரங்க திரும்பிப் போகலை. அங்கயே நின்னு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. புதுத் தோல் வர வர அதையும் பிச்சுப் போடுறாங்க. அதனாலதான் புண் ஆற மாட்டேங்குது. இதைக் குடல் அழற்சிம்போம்."

மாமா ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இந்தப் பேச்சு அவருக்குப் பழகிய ஊராக இருந்தது. "எதிரி யாரு?" என்றார்.

"எதிரின்னு யாரும் இல்லை சார். அதுதான் நோய்."

"அதெப்படி? எதிரியே இல்லாம ஒருத்தன் எதுக்குச் சண்ட போடுவான்?"

டாக்டரம்மா அத்தையைப் பார்த்தார். அத்தை சுழலாத ஃபேனைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு எதிர்ப்பு சக்தி கூடுதல்னு சொல்லுங்க."

"கூடுதல்னு இல்லை. தப்பான இடத்துல, நிறுத்தத் தெரியாம..."

மாமாவுக்கு முதல் வார்த்தையே போதுமாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் கம்பம் முழுக்கச் செய்தி பரவியது. தேனியில் பெரிய டாக்டரம்மா கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு எதிர்ப்பு சக்தி உள்ள ஆளை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டாராம். டீக்கடையில் ஒருவர், "அப்பறம் எதுக்கண்ணே இப்படி இளைச்சுப் போனீக?" என்று கேட்டிருக்கிறார். "சும்மாவா? உள்ள சண்ட நடக்குதுல்ல" என்றிருக்கிறார் மாமா.

மாத்திரை கொடுத்திருந்தார்கள். குடலின் வீக்கத்தை அடக்குகிற மாத்திரை ஒன்று, ஸ்டீராய்டு ஒன்று. வலி மாத்திரையைத் தொடவே கூடாது, குடலை அது இன்னும் அரிக்கும் என்றார்கள். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்போம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் படித்துப் படித்துச் சொன்னார்கள். மாத்திரை வேலை செய்தது. ரத்தம் நின்றது. பசி எடுத்தது. முகம் பூசணி மாதிரி உருண்டது. கன்னம் வைத்துவிட்டதைப் பார்த்தவர்கள் எல்லாம், "மாமா தேறிட்டாகளே" என்றார்கள். அதுதான் வினை. தேறினவனுக்கு எதற்கு மாத்திரை? அதோடு, அந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்று மெடிக்கல்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

"அதெப்படி? ஊரே எதிர்ப்பு சக்தி வேணும்னு அலையுது. நமக்கு இருக்கிறத மாத்திரை போட்டுக் கொறைக்கிறதா?"

அத்தை முன்னால் வாயில் போட்டுக்கொள்வார். அவள் அந்தப் பக்கம் போனதும் திராட்சைக் கொடியின் வேரில் துப்பிவிடுவார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. இதற்கு மேல், போடியில் யாரோ விற்ற எதிர்ப்பு சக்திப் பொடியை வாங்கித் தேனில் குழைத்துத் தின்றுகொண்டிருந்தார். எரிகிற அடுப்பில் சீமெண்ணெய் ஊற்றுவதற்குத் தேன் வேறு.

அறுவடை நாளன்று நோய் திரும்பி வந்தது. பந்தலுக்குக் கீழே ஆட்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கேரளாவுக்குப் போகிற லாரி ரோட்டில் நின்றிருந்தது. குலையைக் காம்போடு வெட்டுவது எப்படி என்று ஒரு பெண்ணிடம் தகராறு செய்துகொண்டிருந்தவர், அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். எழுந்திருக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வேட்டியின் மேல் அத்தையின் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தார். வயிறு உப்பியிருந்தது. காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றேன். "ஊரே பாக்கும். ஒன் வண்டிய எடு" என்றார். குரலே இல்லை.

கம்பத்திலிருந்து தேனிக்கு அன்று போன போக்கை நான் மறக்க மாட்டேன். பின்சீட்டில் அத்தை மடியில் தலைவைத்துக் கண்ணை மூடிக் கிடந்தவர், ஒவ்வொரு இடம் வரும்போதும் பேசினார். "உத்தமபாளையம் தாண்டுனதும் வலது பக்கத்து பங்க்குல நிறுத்தாத, பூட்டியிருக்கும். அடுத்ததுல நிறுத்து." "சின்னமனூர் வேண்டாம். தண்ணி வராது." "வீரபாண்டிக்கு முன்னாடி ஒரு புளியமரம். அங்கன மறைவு இருக்கும்."

எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த பெட்ரோல் பங்க்கில் கழிப்பறைச் சாவி கேட்டால் கொடுப்பார்கள், எந்த ஓட்டலில் சாப்பிடாதவரை உள்ளே விடமாட்டார்கள், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. செல்போனில் வழி சொல்கிற அந்தப் பெண்ணுக்குக்கூட இது தெரியாது. ஒரு மனிதர் எத்தனை முறை தவித்து ஓடியிருந்தால் இதெல்லாம் தெரியும்? மாதக்கணக்காக நாங்கள் வெளிநடப்பு என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். வேட்டியில் பட்டுவிடுமோ என்கிற பயத்தோடு அவர் அத்தனை கூட்டத்திலும் எழுந்து நின்று பேசியிருக்கிறார். புளியமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா அறுவை மருத்துவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை விளக்கம் நீளவில்லை.

"குடல் ரொம்ப மோசமா வீங்கியிருக்கு. நரம்புல ஸ்டீராய்டு ஊசி போடப்போறோம். சில நாள் பாப்போம். கேட்டுச்சுன்னா நல்லது. கேக்கலைன்னா பெருங்குடலையே எடுத்துட்டு வயித்துல பை வைக்க வேண்டியிருக்கும். விட்டா உயிருக்கு ஆபத்து."

மாமா கண்ணைத் திறந்தார். "ஊசி எதுக்கு?"

"உள்ள நடக்கிற சண்டையை நிறுத்துறதுக்கு."

"எதிர்ப்பக் கொறைக்கிற ஊசியா?"

"ஆமா."

"வேண்டாம்" என்றார். நர்ஸ் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். மாமா தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "அதெப்படி? என்னயக் கேக்காம ஊசி போட முடியுமா?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நான் சொன்னேன். அறுவை மருத்துவர் கொஞ்சம் பொறுமையில்லாமல் சொன்னார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அதுவரை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த அத்தை தலைமாட்டுக்கு வந்தாள். அத்தை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் சத்தமாகப் பேசவில்லை.

"காய்ச்சல்ல நான் கெடந்தப்ப வாசல்ல நின்னு சொன்னீகளே, ஒனக்கு எதிர்ப்பு சக்தி பத்தலன்னு. ஞாபகம் இருக்கா? நெசந்தான். எனக்கு இல்ல. இருந்திருந்தா ஒங்களோட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருப்பனா?"

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்பத்தான் கொஞ்சம் வந்திருக்கு" என்றாள் அத்தை. "கைய நீட்டுங்க."

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. நர்ஸ் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

ஊசி கேட்டது. முதல் இரண்டு நாளும் ஒன்றும் தெரியவில்லை. அறுவை மருத்துவர் வந்து வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வயிற்றின் உப்பல் வடிந்தது. ரத்தம் மெல்ல மெல்ல நின்றது. ஒருநாள் காலையில், இட்லிக்குக் கொடுத்த சட்னி தண்ணியாக இருக்கிறது என்று வார்டு ஆயாவிடம் மாமா சண்டை போட்டார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவாள் அத்தை. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நெடுநாள் போட வேண்டிய வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். அவ்வப்போது ரத்தம் சோதித்தார்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே வர வேண்டும் என்று எச்சரித்தார்கள்.

இந்த மாத்திரையால் மாமாவுக்கு டாக்டரம்மா நினைத்துப் பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. சண்டையில் விட்டுக்கொடுக்க மரியாதையான ஒரு காரணம். வரப்புப் பொழியை வெட்டிவிட்டான் என்று பல வருஷமாகப் பக்கத்துத் தோட்டக்காரரோடு இருந்த வழக்கில், ஒருநாள் அவரே போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். கேட்டதற்கு, "நானா விடல மாப்ள. மாத்திரை அப்படி. எதிர்ப்பக் கொறச்சிருச்சு. இல்லைன்னா அவன உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன்" என்றார். மாத்திரை குடலோடு நிற்கும், குணத்துக்கு ஏறாது என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஏன் கெடுதல் செய்ய வேண்டும்?

மாதங்கள் கழித்து மறுபடியும் கேமரா. புண் உண்மையிலேயே ஆறிவிட்டதா, வெளிக்கு மட்டும் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த முறை மயக்க ஊசி கட்டாயம் என்று அத்தை சொல்லிவிட்டாள். மாமா பதில் சொல்லவில்லை. மாத்திரை அப்படி.

அரை மயக்கம்தான். குழாயை எடுத்து, பக்கத்து அறையில் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். நானும் அத்தையும் போனோம். மாமா கண்ணை மூடியிருந்தார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சாந்தம். நர்ஸ் குனிந்து, "வலிக்குதா ஐயா?" என்றார்.

"இல்லத்தா" என்றார் மாமா. கல்கண்டு மாதிரி ஒரு குரல். "நீ சொன்னாச் சரிதாந்தா."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை நர்ஸைப் பார்த்தாள். "இப்படி எவ்வளவு நேரம் இருப்பாக?"

"கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்மா."

நர்ஸ் வெளியே போனதும் அத்தை நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க. நான் தங்கச்சி வீட்டுக்குக் குமுளிக்குப் போயி பத்து நாளு இருந்துட்டு வரவா?"

"போயிட்டு வா."

"எனக்கு ஒரு செல்போன் வேணும். பெருசா, படம் தெரியிறது."

"வாங்கிக்க."

அத்தை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடைசிக் கேள்விக்கு நாற்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள். அந்த வீட்டின் அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. கட்டும்போதே அத்தை கேட்டாள். அந்தப் பக்கம் பங்காளி வீடு, ஜன்னல் வைத்தால் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டிவரும் என்று மாமா வைக்கவிடவில்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சமைத்தாள்.

"அடுப்படிக்கு ஒரு சன்னல் வைக்கலாமாங்க?"

மாமா கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தது. "வையி" என்றார். "காத்து வரட்டும்."

"நீ சாட்சிய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் அத்தை.

மயக்கம் தெளிந்து உட்கார்ந்தபோது டாக்டரம்மா படங்களோடு வந்தார். இளஞ்சிவப்பு நிறத்தில் வழவழவென்று இருந்தது குடல். அங்கங்கே பழைய தழும்புகள், வெள்ளைக் கோடு மாதிரி. "நல்லா ஆறியிருக்கு சார். மேல் தோல் முழுசா மூடியிருச்சு. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். மாமா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி விரலால் ஒருமுறை தடவினார்.

அப்போதுதான் அத்தை சொன்னாள், ஜன்னல் விஷயத்தை.

"அதெப்படி?" மாமா முழுசாகத் தெளிந்துவிட்டார். "மயக்கத்துல சொன்னது செல்லாது."

"இந்தப் படத்தையும் ஒங்க மயக்கத்துலதான் எடுத்தாக" என்றாள் அத்தை. "அப்ப இதுவும் செல்லாதுதானே?"

மாமா படத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். படத்தை மடிக்காமல், கசங்காமல் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கம்பம் போய்ச் சேரும்வரை உறையிலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் மணலும் செங்கல் துண்டும் கிடந்தன. அடுப்படியில் கொத்தனார் நின்றிருந்தார். அத்தை காலையிலேயே வரச் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறாள். சுவரில் ஒரு ஆள் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியாகச் சாயங்கால வெயில் அடுப்புமேல் அடித்தது. அப்பால் பங்காளி வீட்டு முருங்கை மரமும், அதற்கப்பால் மலையும் தெரிந்தன. முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்த பங்காளி, தொரட்டியை இறக்கிவிட்டு இந்தப் பக்கமே பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் தலையை ஆட்டினார்.

மாமா ஓட்டைக்கு முன்னால் போய் நின்றார். அத்தை என் பின்னால் ஒதுங்கினாள். கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டார். தூசி அடங்குகிற வரை மாமா அப்படியே நின்றார். பிறகு திரும்பி, வாய் நிறையக் கோபத்தோடு கொத்தனாரிடம் கேட்டார்:

"அதெப்படிய்யா? இம்புட்டுக்கூண்டு சன்னல்ல அவளுக்கு எப்படிக் காத்து வரும்? இன்னும் ஒரு மடங்கு இடி."